குறிகள் குடியிருந்த இடம்: தொடுதிரைப் பொதுத் தொலையியக்கியின் வரலாறு (1985–2021)

ஆய்வுச்சுருக்கம்

வீட்டுத் திரையரங்கின் பல கருவிகளை ஒரே கையடக்கக் கருவியால் இயக்கும் பொதுத் தொலையியக்கி, 1990களின் இறுதியில் தொடுதிரை வடிவம் பெற்றது. இதன் வரலாறு பொதுவாகப் பொத்தானிலிருந்து திரைக்கு நகர்ந்த வரலாறாகவே சொல்லப்படுகிறது. அவ்வாறு சொல்வது போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. கட்டளைக் குறிகள் தொழிற்சாலைச் சில்லில் இருந்தனவா, பயனரின் கோப்பில் இருந்தனவா, நிறுவனத்தின் வழங்கியில் இருந்தனவா என்பதே இக்கருவியின் ஆயுளையும், வரலாற்றுச் சான்றாக அது எஞ்சும் வாய்ப்பையும் தீர்மானித்துள்ளது. பிலிப்ஸ் நிறுவனத்தின் புரோண்டோ, லாஜிடெக் நிறுவனத்தின் ஹார்மனி ஆகிய இரண்டும் இதற்குச் சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொலையியக்கி, தொடுதிரை, அகச்சிவப்புக் குறி, புரோண்டோ, ஹார்மனி, வீட்டுத் திரையரங்கு, தொழில்நுட்ப வரலாறு

முன்னுரை

பேச்சு வழக்கில் 'ரிமோட்' என்று வழங்கும் கருவியை இக்கட்டுரை 'தொலையியக்கி' என்று குறிக்கிறது. பல நிறுவனங்களின் கருவிகளையும் இயக்க வல்லது 'பொதுத் தொலையியக்கி' எனப்படுகிறது. தொலைக்காட்சி, ஒலிபெருக்கும் ரிசீவர், வட்டு இயக்கி, செட்டாப் பாக்ஸ் என நான்கைந்து கருவிகள் சேர்ந்த அமைப்பே வீட்டுத் திரையரங்கு. அமெரிக்காவில் 1980களில் வீடியோ நாடாவும் டால்பி சுற்றொலியும் பரவியபோது இவ்வமைப்பு உருப்பெற்றது. 1997இல் அங்கு டிவிடி விற்பனைக்கு வந்தபின் நடுத்தர வீடுகளையும் எட்டியது. ஒவ்வொரு கருவியோடும் ஒரு தொலையியக்கி வந்தமையால் மேசைமேல் அவை குவிந்தன. ஒரு திரைப்படம் பார்க்க மூன்று தொலையியக்கிகளை முறையறிந்து அழுத்தவேண்டிய நிலை, ஒரு புதிய பண்டத்துக்கான தேவையை உருவாக்கிற்று.

இத்தகைய அன்றாடப் பண்டங்கள் வரலாற்று ஆய்வில் இடம்பெறுவது அரிது. தொலைக்காட்சியைப் பற்றி நூல்கள் பல உள. அதனை இயக்கிய கையிலிருந்த பொருளைப் பற்றி மிகச் சிலவே. விலை குறைந்தது, எளிதில் தொலைவது, பழுதானால் தூக்கியெறியப்படுவது என்பதால் அருங்காட்சியகங்களிலும் அதற்கு இடம் அரிது. ஆயினும் ஒரு வீட்டில் என்னென்ன கருவிகள் இருந்தன, அவை எந்த வரிசையில் இயங்கின என்பதைத் தன்னுள் பதிந்துவைத்திருக்கும் பண்டம் இது. அப்பதிவை இன்று படிக்க முடிகிறதா என்பதே இக்கட்டுரையின் வினா.

முன்வரலாறு: குறியில்லாக் காலம்

சிகாகோவின் ஸெனித் ரேடியோ நிறுவனம் 1950இல் 'லேஸி போன்ஸ்' என்ற கம்பிவழித் தொலையியக்கியை விற்றது. 1955இல் அதே நிறுவனத்தின் பொறியாளர் யூஜின் பாலி உருவாக்கிய 'ஃபிளாஷ்மேட்டிக்', திரையின் நான்கு மூலைகளிலிருந்த ஒளியுணரிகளை நோக்கி ஒளிக்கற்றையைப் பாய்ச்சியது. சன்னல் வழியே வெயில் விழுந்தாலும் அவ்வுணரிகள் இயங்கிவிட்டன. அடுத்த ஆண்டே, வியன்னாவில் பிறந்த இயற்பியலாளர் இராபர்ட் ஆட்லர் மீயொலியைப் பயன்படுத்தி 'ஸ்பேஸ் கமாண்ட்' கருவியை அமைத்தார். பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று அலுமினியத் தண்டைத் தட்டும். ஒவ்வொரு தண்டின் நீளத்துக்கும் ஓர் அதிர்வெண். மின்கலமே தேவையில்லை.

இங்கு ஒன்றைக் குறித்தல் வேண்டும். இக்கருவிகளில் 'குறி' என்று ஏதும் இல்லை. ஓர் அதிர்வெண் ஒரு செயலைக் குறித்தது, அவ்வளவே. அனுப்புவது யார், ஏற்பது எது என்ற முகவரியும் இல்லை. நாணயங்கள் குலுங்கும் ஓசையிலிருந்த மீயொலிக் கூறுகூட அலைவரிசையை மாற்றிவிடக்கூடும். 1970களின் பிற்பகுதி தொடங்கி மீயொலியின் இடத்தை அகச்சிவப்பு ஒளி பிடித்தபோதுதான் எண்முறைக் குறி பிறந்தது. பிலிப்ஸ் வகுத்த ஆர்சி-5 முறையில் ஒரு கட்டளை 14 பிட்டுகள் கொண்டது. அவற்றுள் 5 பிட்டுகள் கருவியின் முகவரி, 6 பிட்டுகள் செயல். சோனியும் என்இசியும் தத்தமக்கு வேறு முறைகளை வகுத்தன. ஊர்தி அலையின் அதிர்வெண்ணும் வேறுபட்டது: பிலிப்ஸுக்கு 36, என்இசிக்கு 38, சோனிக்கு 40 கிலோஹெர்ட்ஸ். ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காத நிலை இவ்வாறு தோன்றிற்று. பொதுத் தொலையியக்கி இம்மொழிகளுக்கிடையே ஒரு மொழிபெயர்ப்பாளனாகவே வந்தது.

சில்லில் குடியிருந்த குறி

முதல் பொதுத் தொலையியக்கி எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வட அமெரிக்க பிலிப்ஸ் 1985இல் மேக்னவாக்ஸ் என்ற பெயரில் வெளியிட்டதை ஒருசாரார் சுட்டுவர். 1980களின் நடுவிலேயே ஜெனரல் எலக்ட்ரிக் 'கண்ட்ரோல் சென்ட்ரல்' என்னும் கற்கும் தொலையியக்கியை விற்றது. வேறொரு தொலையியக்கியை அதற்கு எதிரே பிடித்து அழுத்தினால், வரும் ஒளித்துடிப்புகளை அப்படியே பதிந்துகொண்டு திரும்பச் சொல்லும். பொருள் அறியாது ஒலியை மட்டும் ஒப்பிக்கும் கிளிப்பிள்ளையின் கல்வி அது.

ஆப்பிள் நிறுவனத்தின் அன்றாடப் பணியிலிருந்து விலகிய ஸ்டீவ் வோஸ்னியாக், தாம் தொடங்கிய சிஎல் 9 நிறுவனத்தின் வழியாக 1987இல் 'கோர்' என்ற கருவியை வெளியிட்டார். பல கட்டளைகளைக் கோத்து நேரப்படி இயக்கவும், கணினியோடு இணைக்கவும் அதில் வழி இருந்தது. வணிகத்தில் அது வெல்லவில்லை. பொறியாளரின் மனத்தில் எளிதாயிருந்தது பயனரின் கையில் கடினமாயிருந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

சந்தையில் வென்றது வேறொரு வகை. 1986இல் நிறுவப்பட்ட யுனிவர்சல் எலக்ட்ரானிக்ஸ், பல நூறு கருவிகளின் குறிகளைத் திரட்டிச் சில்லில் பொதிந்து 'ஒன் ஃபார் ஆல்' என்ற பெயரில் விற்றது. கையேட்டின் பட்டியலில் தம் தொலைக்காட்சிக்குரிய எண்ணைத் தேடி அழுத்தினால் போதும். ஆனால் சில்லில் இல்லாத கருவி அடுத்த ஆண்டு வந்தால் வழியில்லை. அந்நிறுவனம் செய்த பல தொலையியக்கிகளின் மின்கல அறைக்குள் 'ஜேபி1' என்று பொறித்த ஆறு ஊசி இணைப்பான் ஒன்று இருந்தது. ஆர்வலர்கள் அதன்வழி நினைவகத்தைக் கணினியால் திருத்திக்கொண்டனர். தொழிற்சாலை தன் தேவைக்கு வைத்த வாயிலைப் பயனர் தம் வாயிலாக்கிக்கொண்ட நிகழ்வு இது.

கோப்பில் குடியிருந்த குறி: புரோண்டோ

பிலிப்ஸ் 1998இல் அறிமுகப்படுத்திய புரோண்டோ, உள்ளங்கையில் அடங்கும் ஒரு தொடுதிரை. திரை 320க்கு 240 புள்ளிகள் கொண்டது. வண்ணமில்லை, சாம்பல் நிறத்தின் சில படிநிலைகள் மட்டுமே. மாரன்ட்ஸ் நிறுவனம் இதன் இணைக்கருவியை ஆர்சி5000 என்ற பெயரில் விற்றது. ஒலியளவு, அலைவரிசை, ஒலிநிறுத்தம் ஆகியவற்றுக்கு அழுத்தக்கூடிய பொத்தான்கள் ஓரத்தில் இருந்தன. மற்றவற்றுள் பெரும்பாலானவை திரையில் வரையப்பட்டவை.

இதன் புதுமை திரையில் இல்லை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. அமெரிக்காவின் கிரெஸ்ட்ரான், ஏஎம்எக்ஸ் ஆகிய நிறுவனங்கள் கூட்ட அரங்குகளுக்கும் செல்வர் இல்லங்களுக்கும் தொடுபலகைகளை அமைத்துக் கொடுத்தே வந்தன. அவற்றுக்கு நிரல் எழுதுவது பயிற்சி பெற்ற நிறுவுநரின் வேலை. புரோண்டோவின் புதுமை, 'புரோண்டோஎடிட்' என்ற கணினி மென்பொருளைக் கருவி வாங்கிய எவரும் பயன்படுத்த விட்டதில் இருந்தது. பயனர் தம் கணினியில் பொத்தான்களை வரையலாம், பக்கங்களை அடுக்கலாம், ஒவ்வொரு பொத்தானுக்கும் குறியைப் பொருத்தலாம், பல குறிகளைக் கோத்து 'மேக்ரோ' என்னும் கட்டளைத் தொடர் அமைக்கலாம். எல்லாம் சேர்ந்து சிசிஎஃப் என்ற ஒரே கோப்பாகச் சேமிக்கப்படும். அக்கோப்பு பயனருடையது, நண்பருக்குக் கொடுக்கலாம், அவர் அதைத் திறந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

குறியை எழுதிய முறையைச் சற்று விரிவாகக் காண்பது பயன்தரும். அகச்சிவப்புக் குறி என்பது ஒளி எவ்வளவு நேரம் எரிந்தது, எவ்வளவு நேரம் அணைந்தது என்ற கால அளவுகளின் வரிசையே. புரோண்டோ அதைப் பதினறும எண்முறையில், நான்கு நான்கு இலக்கங்கள் கொண்ட எண்களாக எழுதியது. முதல் எண் சுழியமாயின், அது கற்றுப் பதிந்த குறி. இரண்டாம் எண் ஊர்தி அலையைச் சுட்டும்: பதின்ம முறையில் அது 109 எனில், அதனை 0.241246 மைக்ரோ நொடியால் பெருக்கினால் ஓர் அலையின் கால அளவு கிடைக்கும். அதிர்வெண் ஏறத்தாழ 38 கிலோஹெர்ட்ஸ். மூன்றாம் எண் ஒருமுறை அனுப்ப வேண்டிய எரிதல்–அணைதல் இணைகளின் எண்ணிக்கை, நான்காவது பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கையில் மீள மீள அனுப்ப வேண்டியவற்றின் எண்ணிக்கை. அதன்பின் வருவன யாவும் அலைகளின் எண்ணிக்கையாகச் சொன்ன கால அளவுகள்.

இதை அறிந்த ஒருவர் கருவியே இல்லாமல் குறியைப் படிக்கலாம். மூன்றாம் எண் 34 என்றும், அடுத்துவரும் முதல் இணை ஏறத்தாழ 342, 171 என்றும் இருந்தால், அது 9 மில்லிநொடி எரிந்து 4.5 மில்லிநொடி அணையும் தொடக்கம். அதாவது என்இசி முறை. 34 என்பதில் தொடக்கத்துக்கு ஒன்று, பிட்டுகளுக்கு 32, முடிவுக்கு ஒன்று. எரிந்தபின் அணைந்திருக்கும் நேரம் குறுகியதாயின் பிட் 0, ஏறக்குறைய மும்மடங்கு நீண்டதாயின் 1. எட்டு பிட் முகவரி, அதன் தலைகீழ்; எட்டு பிட் கட்டளை, அதன் தலைகீழ் என்று பிரித்துவிடலாம். கல்வெட்டு வாசிப்பில் எழுத்தின் வடிவத்தைக் கண்டு காலத்தைக் கணிப்பதைப் போன்ற பயிற்சியே இதுவும். இக்கட்டுரையாளர் முதன்முதலில் ஒரு குறியைத் தாளில் எழுதிப் பிரித்துப் பார்க்க அரைநாள் ஆயிற்று. பின்னர் அது சில நிமிட வேலையாயிற்று.

நிலையறியாமை என்னும் சிக்கல்

கோப்பு எவ்வளவு சிறந்ததாயினும் அகச்சிவப்பு ஒருவழிப் பேச்சு. தொலையியக்கி சொல்லும், கருவி மறுமொழி சொல்லாது. இதன் விளைவு மின்விசைப் பொத்தானில் வெளிப்பட்டது. பெரும்பாலான கருவிகளில் ஒரே குறிதான் இயக்கவும் நிறுத்தவும். 'படம் பார்' என்ற மேக்ரோ, தொலைக்காட்சி, ரிசீவர், வட்டு இயக்கி மூன்றுக்கும் அக்குறியை அனுப்புவதாகக் கொள்வோம். முன்பே தொலைக்காட்சி இயங்கிக்கொண்டிருந்தால் அது மட்டும் அணைந்துவிடும். மறுபடி அழுத்தினால் அது இயங்கும், மற்றவை அணையும். குறுக்கே ஒருவர் நடந்துசென்றாலே மூன்றில் ஒன்று குறியைத் தவறவிடும்; அதன்பின் வீட்டார் எவ்வளவு அழுத்தியும் மூன்றும் ஒத்து வருவதில்லை.

இதற்குத் தீர்வாக ஆர்வலர்கள் 'இயங்கு' என்பதற்கும் 'நிறுத்து' என்பதற்கும் தனித்தனியான குறிகளைத் தேடினர். உற்பத்தியாளர் பலர் தம் தொலையியக்கியில் தராத தனிக்குறிகளையும் கருவிக்குள் வைத்திருந்தனர். முகவரியை மாற்றாமல் கட்டளை எண்ணை ஒவ்வொன்றாக மாற்றி அனுப்பிப் பார்த்தால் அவை வெளிப்பட்டன. மேலே கண்ட எழுத்துமுறை பொதுவில் இருந்தமையால்தான் இத்தேடல் இயன்றது. ஒருவர் கண்டறிந்ததை மற்றவர் நகலெடுத்துத் தம் கோப்பில் ஒட்டிக்கொண்டார். தனிக்குறி இல்லாத கருவிகளுக்கு மேக்ரோவில் சில நொடிக் காத்திருப்புகளை இடுவதும், மின்னோட்டத்தை உணரும் துணைக்கருவிகளைப் பொருத்துவதும் வழக்கமாயின.

திரையின் இழப்பு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இக்கட்டுரையாளரின் வீட்டிலுள்ள தொலையியக்கியில் எழுத்துகள் அழிந்து ஆண்டுகளாகின்றன. பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் அதை வீட்டின் மூத்தோர் இருட்டில் கட்டைவிரலால் தடவியே இயக்குகின்றனர். கண்ணாடித் திரையில் அவ்வாறு தடவ இடமில்லை. படம் ஓடும் இருட்டறையில், படத்தை விட்டுக் கண்ணை எடுத்து, ஒளிரும் திரையைப் பார்த்தாக வேண்டும். புரோண்டோவை அமைத்தவர்கள் ஓரப் பொத்தான்களை நீக்காமல் விட்டது இதை உணர்ந்தமையாலேயே ஆகலாம்.

வழங்கியில் குடியிருந்த குறி: ஹார்மனி

கனடாவின் இன்ட்ரீக் டெக்னாலஜீஸ் உருவாக்கிய ஹார்மனியை லாஜிடெக் 2004இல் வாங்கியது. புரோண்டோவை வாங்கியவர் பல மாலைகளைக் கணினிமுன் கழிக்க வேண்டியிருந்தது. ஹார்மனி அவ்வுழைப்பை நீக்க முயன்றது. பயனர் தம் கருவிகளின் மாதிரி எண்களை இணையவழித் தெரிவித்தால், நிறுவனத்தின் தரவுத்தளம் குறிகளைத் தேர்ந்து, 'படம் பார்', 'இசை கேள்' போன்ற செயல்களாக அமைத்துத் தொலையியக்கிக்கு அனுப்பும். நிலையறியாமைக்கும் அது ஒரு வழி கண்டது: எந்தக் கருவி இயங்குகிறது என்பதைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும், பிசகினால் உதவிப் பொத்தானை அழுத்தலாம். 'தொலைக்காட்சி இயங்குகிறதா?' என்று அது கேட்கும். பயனர் ஆம், இல்லை என்று விடை சொல்வார். கருவி சொல்லாத மறுமொழியை மனிதர் சொல்லும் ஏற்பாடு இது. எளியது, ஆனால் மிகச் சிறந்தது என்றே கருதுகிறேன். அகன்ற தொடுதிரையுடன் வந்த ஹார்மனி 1000க்குப் பின், திரையைச் சுருக்கிப் பொத்தான்களை மீட்ட வடிவங்கள் வெளிவந்தன என்பதும் முன்பு கண்ட இழப்போடு சேர்த்து நோக்கத்தக்கது.

எளிமைக்கு ஒரு விலை இருந்தது. அமைப்பு முழுவதும் நிறுவனத்தின் வழங்கியில் ஒரு கணக்காக இருந்தது. பயனர் கையில் படிக்கத்தக்க கோப்பு இல்லை. புதிய வட்டு இயக்கி ஒன்றைச் சேர்ப்பதற்கும் அவ்வழங்கி விழித்திருக்க வேண்டும்.

இதற்கிடையே அடித்தளமே மாறத் தொடங்கியது. 2002இல் வெளியான எச்டிஎம்ஐ தரவரையில், ஒரே கம்பிவழிக் கருவிகள் தமக்குள் இருவழியும் பேசும் சிஇசி என்ற வழி இடம்பெற்றது. சாம்சங் அதை எனிநெட்+ என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும் வேறுவேறு பெயரிட்டு விற்றமையால் அது பொதுமொழி என்பதே பலருக்குத் தெரியவில்லை. 2006இல் வந்த சோனி பிளேஸ்டேஷன் 3 அகச்சிவப்பு ஏற்பியே இல்லாமல் புளூடூத்தை நம்பியது. புரோண்டோ வைத்திருந்தோர் இடைமாற்றிகளைத் தேட நேர்ந்தது. பிலிப்ஸ் இறுதிக் கட்டத்தில் தொழில்முறை நிறுவுநர்களை நோக்கித் திரும்பி, 2010இல் புரோண்டோ வணிகத்திலிருந்து விலகியது. அவ்வாண்டில்தான் ஐபேட் வெளிவந்தது. லாஜிடெக் ஹார்மனித் தொலையியக்கிகளின் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 ஏப்ரலில் அறிவித்தது. இருக்கும் பயனர்க்குச் சேவை தொடரும் என்றும் தெரிவித்தது.

எஞ்சியது

இவ்விரு முடிவுகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. சான்று என்ற நிலையில் அவை வேறு. புரோண்டோ மறைந்தபின்னும் அதன் குறியெழுத்து மறையவில்லை. ரிசீவர், புரொஜெக்டர் உற்பத்தியாளர்கள் தம் அகச்சிவப்புக் குறிகளை நிறுவுநர்களுக்கு வெளியிடுகையில் இன்றும் 'புரோண்டோ ஹெக்ஸ்' வடிவிலேயே தருவது வழக்கம். புரோண்டோவின் போட்டியாளர்களாயிருந்தோரின் மென்பொருள்களும் அதை ஏற்கின்றன. இதை வளர்த்தது பிலிப்ஸின் திட்டம் அன்று; பயனர் படிக்கவும் நகலெடுக்கவும் முடிந்தமையால் அது தானே நிலைத்தது.

2000ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட ஒரு சிசிஎஃப் கோப்பை இன்று திறந்தால், அவ்வீட்டில் லேசர்டிஸ்க் இயக்கி இருந்ததா என்பது தெரியும். ரிசீவர் விழித்தெழ எத்தனை நொடி காத்தனர் என்பது மேக்ரோவில் தெரியும். குழந்தைகளுக்கெனத் தனிப் பக்கம் வரைந்திருந்தால் அதுவும் தெரியும். வீட்டு ஊடகப் பயன்பாட்டை ஆராய்வோர்க்கு இது நேர்முகத்தாலோ விளம்பரங்களாலோ கிடைக்காத சான்று. அத்தகைய கோப்புகள் தனியார் வன்தட்டுகளிலும் ஆர்வலர் தொகுப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. நூலகங்களோ ஆவணக்காப்பகங்களோ தாமே முன்வந்து கேட்டுப் பெறாதவரை, தட்டு பழுதாகும் நாளோடு அவை போய்விடும். ஹார்மனி வைத்திருந்த வீடுகளைப் பற்றிய அதே செய்திகள் ஒரே நிறுவனத்தின் தரவுத்தளத்தில், கணக்கு வைத்திருப்போர்க்கு மட்டும் திறக்கும் வகையில் உள்ளன. ஆய்வாளர் அந்நிறுவனத்திடம் விண்ணப்பிப்பதற்கான காலம் அச்சேவை நிற்கும்வரை மட்டுமே.